ஆங்கில வினையும் காலமும்: கொக்கிளாயை முன்வைத்து ஒரு திறனாய்வு நோக்கு

ஆங்கிலம் கற்கப் புகும் தமிழ் மாணவர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளுள் தலையாயது வினைச்சொல் பற்றியதாகும். பெயர்ச்சொற்களை அகராதி தந்துவிடும். சொல்லொழுங்கைப் பழக்கம் தந்துவிடும். ஆனால் ஒரு வினையை எந்த வடிவத்தில் நிறுத்துவது என்ற வினா, பல்கலைக்கழகம் வரை வந்த பின்னரும் எம்முட் பலரைத் தடுமாறச் செய்கிறது. ஆங்கிலத்தின் கடினமே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுவதுண்டு. அக்கூற்று முழுமையாக ஏற்கத்தக்கதன்று. ஆங்கில வினை எமக்கு எவ்வாறு அறிமுகப்படுத்தப்படுகிறது என்பதையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட ஒரு பட்டியல். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தமிழ்ப் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் உதாரணம். எமது பாடசாலைகளிலும் தனியார் வகுப்புகளிலும் ஆங்கில வினை பெரும்பாலும் இவ்வாறே அறிமுகமாகிறது. இம்முறை வடிவத்தைத் தருகிறது; பொருளைத் தரத் தவறிவிடுகிறது. அத்துடன், மாணவர் தம் தாய்மொழியில் ஏற்கெனவே கையாண்டு வரும் நுண்ணிய வேறுபாடுகளை அவர் கண்ணில் படாமலும் செய்துவிடுகிறது. இதுவே இக்கட்டுரையின் வாதமாகும்.

இதனை விளக்குதற்கு, முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கிழக்குக் கரையோரக் கிராமமாகிய கொக்கிளாய் பற்றிய வாக்கியங்கள் இங்கு உதாரணங்களாகக் கொள்ளப்படுகின்றன. அதற்குக் காரணம் உண்டு. 1984 டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலான கிராமங்களின் தமிழ் மக்கள் தம் ஊர்களிலிருந்து அகற்றப்பட்டனர். 2009இல் போர் முடிவுற்ற பின்னரே அவர்கள் மீளக் குடியமரும் வாய்ப்பு உண்டாயிற்று. இடையே கழிந்தது கால் நூற்றாண்டு. இத்தகைய ஓர் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத முற்படுபவர், 'வாழ்ந்தோம்' என்பதா, 'வாழ்ந்து வருகிறோம்' என்பதா என்பதை முதல் வாக்கியத்திலேயே தீர்மானிக்க வேண்டியவராகிறார். பட்டியலின் போதாமை வெளிப்படுவது இத்தகைய இடங்களிலேதான்.

பட்டியலின் வரலாறு

பன்னிரு காலப் பட்டியல் ஆங்கில மொழியின் இயற்கையான அமைப்பு என்றே எம்மிற் பலர் கருதுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1795இல் வெளிவந்து நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்த லிண்ட்லி மறேயின் ஆங்கில இலக்கணம் ஆறு காலங்களைக் கூறியது. இலத்தீன் இலக்கணத்தின் சாயல் அதிற் படிந்திருந்தது. 1930களில் இந்தியாவில் வெளியாகி, இலங்கை மாணவரிடையேயும் பரவிய றென், மார்ட்டின் ஆகியோரின் இலக்கண நூலில் பன்னிரண்டு காணப்படுகிறது. முக்காலத்தையும் சாதாரணம், தொடர்நிலை, நிறைவு, நிறைவுத் தொடர்நிலை என்னும் நான்கினாற் பெருக்கிப் பெறும் தொகை அது. 1972இல் குவேர்க், கிறீன்பாம், லீச், சுவார்ற்விக் என்னும் நால்வர் எழுதிய பேரிலக்கணமோ ஆங்கிலத்துக்கு இரண்டே காலம் எனக் கொண்டது. ஒன்று நிகழ்காலம், மற்றையது இறந்தகாலம். 'வில்' முதலியன எதிர்காலத்தைச் சுட்டப் பயன்படும் துணைவினைகள். அவற்றுக்கெனத் தனி விகுதி இல்லை என்பது அவர்களின் நிலைப்பாடு.

ஆறு, பன்னிரண்டு, இரண்டு என எண்ணிக்கை இவ்வாறு மாறியிருப்பினும், இந்த இரு நூற்றாண்டுகளில் ஆங்கில வினை அந்த அளவுக்கு மாறிவிடவில்லை. மாறியது எண்ணுவோரின் அளவுகோலே. ஆகவே பட்டியல் என்பது கற்பித்தலுக்காக அமைக்கப்பட்ட ஒரு கருவி. மொழியின் உண்மையாக அதனைக் கொள்ளலாகாது.

'காலம்' என்ற சொல்லும் அதனால் வரும் மயக்கமும்

ஆங்கிலத்தில் உலகியற் காலத்தைக் குறிக்க 'ரைம்' என்றும், வினை வடிவத்தைக் குறிக்க 'ரென்ஸ்' என்றும் இரு சொற்கள் உள. இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும் என்பதை டென்மார்க் நாட்டு மொழியறிஞர் ஒற்றோ ஜெஸ்பேர்சன் 1924இல் வெளியான தமது இலக்கணத் தத்துவ நூலில் வற்புறுத்தினார். தமிழில் இரண்டுக்கும் காலம் என்ற ஒரே சொல்லையே வழங்குகிறோம். இதனால் வினை வடிவம் எதுவோ அதுவே நிகழ்ச்சியின் காலமும் என்ற எண்ணம் மாணவர் உள்ளத்தில் வேரூன்றிவிடுகிறது.

நாளைய பயணத்தைக் குறித்து ஆங்கிலேயர் 'த பஸ் லீவ்ஸ் ருமாறோ' என்கின்றனர். வடிவம் நிகழ்காலம்; நிகழ்ச்சி எதிர்காலத்தது. 'இஃப் ஐ ஹாட் அ போட்' என்னும்போது வடிவம் இறந்தகாலம். ஆனால் அது குறிப்பது இன்றைய இல்லாமையை. என்னிடம் இப்போது தோணி இல்லை என்பதே அதன் பொருள். பட்டியலை மட்டும் கற்ற மாணவர் இவற்றை விதிவிலக்குகள் என மனனம் செய்வார். ரைம் வேறு, ரென்ஸ் வேறு என்பதை அறிந்த மாணவருக்கோ இவை இயல்பானவையே.

தமிழ் மரபிலே இவ்வறிவு இல்லாமலில்லை. வினைச்சொல் வேற்றுமை ஏலாது, காலத்தோடு தோன்றும் என வரையறுத்த தொல்காப்பியர், காலமயக்கத்துக்கும் இடம் வகுத்துள்ளார். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் காரணங்களால் ஒரு காலம் மற்றொரு காலமாக மயங்கி வரலாம் என்பதை நன்னூலாரும் ஏற்றுக்கொண்டுள்ளார். வீட்டுக்குள் இருப்பவரை வெளியிலிருந்து ஒருவர் அழைக்கும்போது, அவர் இருந்த இடத்தை விட்டு இன்னும் எழாமலே 'வந்துவிட்டேன்' என்கிறார். விரைவு காரணமாக எதிர்காலம் இறந்தகாலமாயிற்று. இதே சூழலில் ஆங்கிலேயர் 'ஐ ஆம் கமிங்' எனத் தொடர்நிலை வடிவத்தை ஆள்வர். வினை வடிவம் கடிகாரத்தின் நிழல் அன்று. பேசுவோரின் நோக்கும் அதிற் கலந்துள்ளது என்பதை இரு மொழிகளும் காட்டுகின்றன.

இன்னொன்றும் இங்குக் குறிப்பிடத்தக்கது. கின்று, கிறு என்னும் நிகழ்கால இடைநிலைகள் தமிழிற் பிற்காலத்திலேயே பெருகின. பழந்தமிழில் வடிவ அளவில் இருந்தவை இறந்தகாலமும் இறப்பல்லாக் காலமும் ஆகிய இரண்டே என மொழியியலாளர் பலர் கருதுவர். இன்றைய ஆங்கிலம் பற்றிக் கூறப்படும் கருத்தும் ஏறத்தாழ இதுவே.

வழக்கச் செயலும் 'வில்' என்னும் துணைவினையும்

எமது மாணவரின் ஆங்கிலத்தில் அடிக்கடி காணப்படும் ஒரு வழு, வழக்கமாக நிகழும் செயலுக்கு 'வில்' சேர்ப்பதாகும். கொக்கிளாய் மீனவர் ஒருவரைப் பற்றி, 'அவர் விடியற்புறத்தில் களப்புக்குப் போவார்; இறால் பிடிப்பார்; வெயில் ஏறமுன் கரைக்கு வருவார்' எனத் தமிழில் எழுதுகிறோம். இதனை ஆங்கிலமாக்கும் மாணவர் ஒவ்வொரு வினைக்கும் 'வில்' சேர்த்துவிடுகிறார். 'போவார்' என்பது எதிர்காலம் என்று அவருக்குக் கற்பிக்கப்பட்டிருப்பதே காரணம். படிக்கும் ஆங்கிலேயர், அம்மீனவர் இனிமேல்தான் களப்புக்குப் போகவிருக்கிறார் என எண்ணிக்கொள்வார்.

முக்காலத்துக்கும் உரிய இயற்கையை எவ்வடிவத்தாற் கூறுவது என்பதைத் தொல்காப்பியர் தனியே எடுத்து விதித்துள்ளார். மலையின் நிலைபேறு, ஆற்றின் ஓட்டம் போன்றவற்றைச் 'செய்யும்' என்னும் பொதுச்சொல்லாற் கூறுதல் வேண்டும் என்பது அவ்விதி. இன்றைய தமிழின் 'உம்' ஈறும் 'போவார்' போன்ற வடிவங்களும் வழக்கத்தையும் இயல்பையும் உணர்த்தும் அப்பணியைத் தொடர்ந்து செய்கின்றன. ஆங்கிலத்தில் அதே பணிக்குரியது சாதாரண நிகழ்காலம். 'களப்பின் வாயில் கடல் மணல்மேடு இடும். மாரியில் அது உடையும்' என்பதற்கு ஆங்கிலம் வேண்டுவது 'வில்' அன்று. 'போவார்' என்பதற்கு எதிர்காலம், வழக்கம் என இரு பொருள் உண்டு என்பதை முதலிற் கற்பித்துவிட்டால், இவ்வழுவின் வேர் அங்கேயே அறுந்துவிடும். பட்டியலோ ஒரு வடிவத்துக்கு ஒரு பெயர் என்றே பழக்குகிறது.

நிறைவு நிலையும் தமிழ்த் துணைவினைகளும்

நிறைவு நிலை எனப்படும் வடிவமே மாணவரை மிகுதியும் மயக்குவது. 'நிகழ்கால நிறைவு' என்ற பெயரே முரண்போலத் தோன்றுகிறது. நிறைவுற்றது எவ்வாறு நிகழ்காலமாகும்? இவ்வினாவுக்கு விடையளித்தவர் ஹான்ஸ் றைஹென்பாக். 1947இல் வெளியான தமது தருக்க நூலில், ஒவ்வொரு வினை வடிவமும் மூன்று புள்ளிகளைத் தொடர்புபடுத்துகிறது என அவர் காட்டினார். ஒன்று பேசும் நேரம். இரண்டாவது நிகழ்வு நேரம். மூன்றாவது நோக்கு நேரம், அதாவது பேசுபவர் எங்கே நின்று அந்நிகழ்வைப் பார்க்கிறார் என்பது. சாதாரண இறந்தகாலத்தில் நாம் நிகழ்வு நடந்த இடத்துக்கே சென்று நிற்கிறோம். நிகழ்கால நிறைவில் இன்று நின்றுகொண்டே கடந்ததை நோக்குகிறோம். இறந்தகால நிறைவில் கடந்த ஒரு புள்ளியில் நின்று அதற்கும் முந்தியதை நோக்குகிறோம்.

இதைத் தமிழ் மாணவருக்கு விளக்க அயலிடம் செல்ல வேண்டுவதில்லை. பின்வரும் வாக்கியங்களை நோக்குவோம்.

1. நாங்கள் கொக்கிளாயில் வாழ்ந்தோம்.
2. நாங்கள் கொக்கிளாயில் வாழ்ந்திருக்கிறோம்.
3. நாங்கள் கொக்கிளாயில் வாழ்ந்து வருகிறோம்.
4. நாங்கள் கொக்கிளாயில் வாழ்ந்து வந்தோம்.

இந்நான்கும் ஒன்றல்ல என்பதைத் தமிழ் பேசும் எவரும் இலக்கணம் கல்லாமலே அறிவர். முதலாவது, முடிந்துபோன வாழ்வை அது நடந்த காலத்திலேயே வைத்துக் கூறுகிறது. இரண்டாவது, அவ்வாழ்வின் அனுபவம் இன்றும் எம்மிடம் உண்டு என்கிறது. மூன்றாவது, அது அறுபடாமல் இன்று வரை வந்துள்ளது என்கிறது. நான்காவது, கடந்த ஒரு கட்டம் வரை அது தொடர்ந்தது என்கிறது. அக்கட்டத்தில் என்ன நிகழ்ந்தது என்ற வினாவையும் எழுப்பிவிடுகிறது. 'இரு', 'வா' ஆகிய துணைவினைகளே இவ்வேறுபாடுகளைச் செய்கின்றன. ஆங்கிலத்தில் இவற்றுக்கு நேராக நிற்பவை முறையே 'வீ லிவ்ட்', 'வீ ஹாவ் லிவ்ட்', 'வீ ஹாவ் பீன் லிவிங்', 'வீ ஹாட் பீன் லிவிங்' என்பனவாம். செயல் முடிந்ததா, தொடர்கிறதா, அதன் பயன் எஞ்சியுள்ளதா என நோக்கும் இக்கூறினை ஆங்கில இலக்கணத்தார் 'அஸ்பெக்ற்' என்பர். வினை நோக்கு என நாம் கூறலாம்.

எல்லா இடத்திலும் இப்பொருத்தம் கிடைக்கும் எனக் கூறுதல் மிகையாகும். கொக்கிளாய்க் களப்பு 1951 முதல் பறவைகள் சரணாலயமாக இருக்கிறது எனத் தமிழில் எழுதுகிறோம். தமிழுக்கு நிகழ்காலமே போதுமானது. ஆங்கிலமோ 'ஹாஸ் பீன்' என்னும் நிறைவு வடிவத்தைக் கட்டாயமாக வேண்டுகிறது. 'இஸ்' என எழுதினால் வழுவாகும். இரு மொழிகளும் உண்மையிலேயே பிரியும் இடம் இதுவே. கற்பிக்கும் நேரத்தையும் உழைப்பையும் செலவிட வேண்டியது இத்தகைய இடங்களில்தான். பன்னிரண்டு கட்டங்களுக்கும் சம இடம் அளிக்கும் பட்டியல், எளியதையும் அரியதையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது.

வினையின் வகைகள்

காலம் பற்றிய பாடம் வினை வகை பற்றிய பாடத்திலிருந்து பிரிக்கப்பட்டிருப்பது மற்றொரு குறைபாடாகும். எவ்வகை வினை என்பதை அறியாமல் அதற்கு எந்த வடிவம் பொருந்தும் எனக் கூற இயலாது. 1957இல் சீனோ வென்ட்லர் எழுதிய கட்டுரை வினைகளை நால்வகையாகப் பகுத்தது. அறிதல், உடைமை போன்ற நிலைகள். மீன்பிடித்தல், நடத்தல் போன்ற தொடர் செயல்கள். ஒரு வலையைப் பின்னி முடித்தல் போன்று எல்லையை நோக்கிச் செல்லும் செயல்கள். சென்றடைதல், வெளியேறுதல் போன்று ஒரு கணத்தில் நிகழ்ந்து முடிவன.

இப்பகுப்பின் பயன் தெளிவானது. 'நோ', 'ஓன்', 'பிலோங்' முதலிய நிலைவினைகள் பொதுவாகத் தொடர்நிலை வடிவம் பெறுவதில்லை. 'ஐ ஆம் நோயிங்' என எழுதும் மாணவர், 'அறிந்துகொண்டிருக்கிறேன்' என்பதும் தமிழிற் பொருந்தாமையை ஒரு கணம் எண்ணிப் பார்த்தால் தாமே திருத்திக்கொள்வார். மீன்பிடித்தலைப் பல மணி நேரம் செய்யலாம். சென்றடைதலைப் பல மணி நேரம் செய்ய முடியாது.

நிலைவினையைப் பொறுத்தவரை தமிழுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. எமது இலக்கணத்தார் வினையைத் தெரிநிலை வினை, குறிப்பு வினை என இரண்டாக்கினர். குறிப்பு வினை காலத்தை வெளிப்படையாகக் காட்டாது. 'இக்காணி எங்களுக்கு உரியது' என்ற வாக்கியத்தில் 'உரியது' என்பதில் கால இடைநிலை எதுவும் இல்லை. நேற்றும் உரியது, இன்றும் உரியது என்ற பொருளை அது இயல்பாகவே தாங்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் அவ்வாறு நிற்க இயலாது. 'பிலோங்ஸ்' என்பதா, 'பிலோங்ட்' என்பதா எனத் தெரிவு செய்தே ஆகவேண்டும். ஊரை விட்டு நீங்கியமை இறந்தகாலத்தது என்பதால் காணியின் உரிமையையும் இறந்தகாலத்தில் எழுதிவிடும் பழக்கம், வினைகளை எல்லாம் ஒரே காலத்தில் நிறுத்த வேண்டும் என்ற பாடத்திலிருந்து வருகிறது. ஓர் எழுத்து மாற்றம் போன்றே அது தோன்றும். ஆனால் படிப்பவருக்கு அது தரும் செய்தி, அக்காணி இன்று அவர்களுடையது அன்று என்பதாகும்.

அடுத்து, தன்வினை, பிறவினை பற்றியது. 'மணல்மேடு உடைந்தது', 'மணல்மேட்டை உடைத்தார்கள்' எனத் தமிழ் இரு வடிவங்களால் வேறுபடுத்துவதை ஆங்கிலம் 'புறோக்' என்ற ஒரே வடிவத்தாற் கூறிவிடும். செய்தவர் உண்டா என்பதை வினையே காட்டும் ஆற்றல் இங்கே தமிழுக்கு மிகுதி. ஆயினும் அந்த ஆற்றலை நாமே கைவிட்ட ஓர் இடமும் உண்டு. 'டிஸ்பிளேஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல் செயப்பாட்டு வடிவம் கொண்டது. ஒருவரோ ஒன்றோ பெயர்த்ததனாற் பெயர்ந்தவர் என்பது அதன் பொருள். அதற்கு ஈடாக நாம் வழங்கும் 'இடம்பெயர்ந்தோர்' என்பது தன்வினை. தாமாகவே பெயர்ந்து சென்றோர் என்ற தோற்றத்தை அது தருகிறது. திரும்பி வந்தவர்களையோ 'மீள்குடியேற்றப்பட்டோர்' எனப் பிறவினையில், அதிலும் செயப்பாட்டில் வழங்குகிறோம். போனபோது செய்தவர் இல்லை; வந்தபோது மட்டும் செய்தவர் உண்டு! அலுவலக வழக்கில் ஊறிப்போன இச்சொற்களை இலக்கணக் கண்கொண்டு நோக்குமிடத்து, அவை எவ்வளவு பெரிய செய்தியை மறைத்துவிடுகின்றன என்பது புலனாகும்.

சட்டமும் வினையும்

இவை வகுப்பறைக்குள் மட்டும் அடங்கும் நுணுக்கங்கள் எனக் கருதுதல் தவறு. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. எனினும் தமிழிற் கூறப்படும் முறைப்பாடுகளும் சாட்சியங்களும் மேல்நிலைக்குச் செல்லச் செல்ல ஆங்கில வடிவம் பெறுவது எமது நாட்டின் நடைமுறையாகும்.

நீண்டகால ஆட்சியால் உரிமை பெறுதல் பற்றிய 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தனியார் காணிகளைப் பொறுத்தவரை, இடையூறின்றி அறுபடாமல் 10 ஆண்டுகள் ஆட்சி செய்தவருக்கு உரிமை வழங்க இடமளிக்கிறது. ஆட்சி தொடர்ந்ததா, அறுந்ததா, எப்போது அறுந்தது என்பவை அங்கு எழும் வினாக்கள். இலக்கண மொழியிற் கூறினால் இவை வினை நோக்குப் பற்றிய வினாக்களே. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், போர்க்காலத்தில் தம் உரிமையை நாட முடியாதிருந்தோருக்கு நிவாரணமாக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அக்கணக்கிலிருந்து நீக்க வழிசெய்தது. ஆயினும் அந்த இயலாமை ஆயுதக் குழுவொன்றின் செயல்களால் விளைந்ததாக இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் நிபந்தனை. ஆகவே 'யாரால்' என்ற வினா சட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. 'இடம்பெயர்ந்தோம்' என்ற தன்வினையில் அதற்கு விடை கூற இடமே இல்லை.

கொக்கிளாயைச் சேர்ந்த குடும்பம் ஒன்று ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதுகிறது எனக் கொள்வோம். 'வீ லிவ்ட்' என எழுதினால், தொடர்பு முடிந்துவிட்டது எனக் கொள்ளப்படலாம். 'வீ ஹாவ் பீன் லிவிங்' என எழுதினால், 1984க்குப் பின் எங்கிருந்தீர்கள் என்ற வினா எழும். உண்மையையே கூறியவர் பொய்யுரைத்தவராகத் தோன்றுவார். உண்மைக்குப் பொருந்தும் வாக்கியம் மூன்று வினைகளை மூன்று வடிவங்களில் வேண்டுகிறது. வாழ்வு இறந்தகால நிறைவுத் தொடர்நிலையில் நிற்க வேண்டும்; அகற்றப்பட்டமை இறந்தகாலச் செயப்பாட்டில் நிற்க வேண்டும்; உரிமை நிகழ்காலத்தில் நிற்க வேண்டும். 'அகற்றப்பட்டபோது நாங்கள் அங்கே வாழ்ந்து வந்தோம். அந்தக் காணி எங்களுக்கு உரியது' என்பதே அதன் தமிழ். எழுத்தறியாத ஒரு மூதாட்டியும் இத்தமிழை வழுவின்றிப் பேசுவார். அவர் பேரனோ பட்டியல் முழுவதையும் மனனம் செய்திருந்தும் அதனை ஆங்கிலத்தில் எழுத முடியாதிருப்பானாயின், குறை அவனிடத்தில் உள்ளது என நாம் எவ்வாறு கூறலாம்?

மறுப்புகளும் முடிவும்

இவ்வாதத்துக்கு இரு மறுப்புகள் எழலாம். பட்டியல் நினைவுக்கு உதவும். தேர்வில் அதுவே கேட்கப்படும் என்பது முதலாவது. வடிவங்களை ஒழுங்காக நினைவில் வைக்கப் பட்டியல் துணை செய்யும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. வாய்பாடு கணக்குக்குத் துணை செய்வது போன்றது அது. வாய்பாட்டையே கணக்கு எனக் கொள்ளும்போதுதான் தீங்கு விளைகிறது. ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியே கற்பிக்க வேண்டும், தமிழை இடையில் நுழைத்தல் ஆகாது என்பது இரண்டாவது. இளவயதில் ஆங்கிலச் சூழலில் வளர்வோருக்கு அது பொருந்தலாம். வன்னியின் கரையோரப் பாடசாலை ஒன்றில் வாரத்துக்குச் சில பாடவேளைகள் மட்டும் ஆங்கிலத்தைக் கேட்கும் பிள்ளைக்கு அச்சூழல் எங்கே கிடைக்கப்போகிறது? தமிழ் அங்கே எவ்வாறேனும் நுழையவே செய்யும். செம்மையான ஒப்பீடாக நுழைவதா, 'போவார் என்றால் வில் கோ' என்னும் குறுக்குவழியாக நுழைவதா என்பதே தெரிவு.

ஆகவே மூன்று மாற்றங்கள் வேண்டப்படுகின்றன. காலம், வினை நோக்கு ஆகிய இரண்டையும் முதற் பாடத்திலிருந்தே வேறுபடுத்திக் கற்பித்தல் ஒன்று. வினை வகைகளைக் காலப் பாடத்தோடு இணைத்தல் மற்றொன்று. தமிழின் துணைவினைகள், குறிப்பு வினை, தன்வினை, பிறவினை ஆகியவற்றை ஆங்கில வகுப்பிலேயே எடுத்தாண்டு, பொருந்தும் இடத்தையும் பொருந்தா இடத்தையும் காட்டுதல் மூன்றாவது. இதற்குத் தமிழ்த் துறையும் ஆங்கிலத் துறையும் ஒன்று சேர்ந்து உழைத்தல் இன்றியமையாதது. தமிழ் இலக்கணம் பழைய உரைகளைப் பயில்வோருக்கு மட்டும் உரியதென்றும், ஆங்கில இலக்கணம் தேர்வெழுதுவோருக்கு மட்டும் உரியதென்றும் பிரித்து வைத்திருக்கும் வரை, தமக்கு நேர்ந்ததைப் பிறர் கேட்கும் மொழியில் பிழையறக் கூற எமது மாணவர் தடுமாறிக்கொண்டே இருப்பர். அத்தடுமாற்றத்தின் விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் கொக்கிளாய் போன்ற ஊர்களின் மக்களே.